பத்தொன்பது சாண்

எங்கள் சபைப் பெண்கள் சங்கத்தில் டீச்சர் எழுந்து நின்று, எல்லாரும் ஒரு சாண் சதுரத்தில் ஆளுக்கொரு துண்டு தைத்துக்கொண்டு வரவேண்டும் என்று சொன்ன அன்று நான் போயிருந்தால் காரியம் இப்படி ஆகியிருக்காது. யாருடைய சாண் என்று அந்த இடத்திலேயே கேட்டிருப்பேன். நான் போகவில்லை. போகாததற்குக் காரணம் உண்டு. அந்தத் துண்டுகளையெல்லாம் சேர்த்து ஒரு போர்வையாக்கி என் ஓரகத்திக்குக் கொடுப்பதாகப் பேச்சு. அவளும் நானும் பேசி நாலு வருடம் ஆகியிருந்தது.

அவள் என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி. வெள்ளறடை போகிற பஸ் ரோட்டிலிருந்து இறங்கி ரப்பர் மரங்களுக்கு நடுவே நடந்தால் முதலில் அவள் வீடு, அடுத்தது என் வீடு. அண்ணனும் தம்பியும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் இரண்டு வீட்டில். இரண்டுக்கும் ஒரே கிணறு, அதில் இரண்டு மோட்டார். பேச்சு இல்லாத நாலு வருடமும் காலையில் அவள் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்ட பிறகுதான் நான் காப்பிக்குத் தண்ணீர் வைப்பேன். கேட்காத நாளில் அடுக்களைச் சன்னல் வழியாக எட்டிப் பார்ப்பேன். மழை வருகிறதா என்று பார்க்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

பேச்சு நின்றது ஒரு ரவிக்கையால்.

நான் தையல்காரி. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. எழுத்தைவிட எண் எனக்கு நன்றாக வரும், ஏனென்றால் எண் டேப்பில் இருக்கிறது. பதினாறு வயதில் மிஷன் தையல் வகுப்பில் மிதிமெஷினில் கால் வைத்தவள், எழுபத்துமூன்று வயதாகியும் எடுக்கவில்லை. ஓரகத்தி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் வீட்டில் ஒரு பாவாடை நாடாகூட என் மெஷினில் ஓடாமல் யார் உடம்பிலும் ஏறியது கிடையாது. அவள் மகள் பிறந்தபோது முதல் சட்டை நான் தைத்தது. ஞானஸ்நானத்து வெள்ளை உடுப்பு நான் தைத்தது. பள்ளிக்கூட யூனிஃபார்ம், நர்சிங் படிக்கப் போனபோது போட்ட கோட்டு, எல்லாம் நான்தான். அந்தப் பெண் இங்கிலாந்தில் வேலை கிடைத்துப் போய், ஒன்பது நாள் லீவில் கல்யாணத்துக்கு வந்தாள். ரவிக்கைத் துணி வரும் என்று நான் காத்திருந்தேன். மெஷினுக்கு எண்ணெய் விட்டு வைத்தேன். ரவிக்கைக்கு உள்துணி வேண்டும், வெள்ளைச் சேலைக்கு உள்ளே உடுக்கப் பாவாடை வேண்டும் என்று யாரும் சொல்லாமலேயே பாறசாலைக்குப் போய் நல்ல வெள்ளைப் பாப்ளின் நாலரை மீட்டர் வாங்கி வைத்தேன்.

துணி வரவில்லை. கல்யாணத்தன்று கோயிலில் வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது. நெய்யாற்றின்கரையில் ஒரு கடையில் கொடுத்துத் தைத்திருந்தார்கள்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. “வலது கை ஒரு இஞ்ச் தூக்கி நிக்குது பாத்தியளா? கடைத் தையலாக்கும்” என்று சாப்பாட்டுப் பந்தலில் நாலு பேர் கேட்கச் சொன்னேன். அது அவள் காதுக்குப் போயிற்று. அவள் வந்து என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டு முடித்திருக்கலாம். அவள் கேட்காததனால் நானும் விடவில்லை.

இப்போது மகளுக்குக் குழந்தை பிறந்து ஆறு மாதம். அந்தப் பெண் மறுபடி வேலைக்குப் போகவேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள இவள் போகிறாள். ஆறு மாத விசா. ஆறு மாதம் என்ன பெரிய காலமா என்று கேட்கலாம். எனக்கு எழுபத்துமூன்று, அவளுக்கு அறுபத்தெட்டு, அவளுக்கு பிரஷர் வேறு உண்டு. இந்த வயதில் ஆறு மாதத்துக்கு யாரும் யாருக்கும் உறுதி சொல்ல முடியாது. ஒரு வார்த்தை பேசாமலேயே போய்விடுவாளோ என்பது இரவும் பகலும் என் நெஞ்சில் கிடந்தது. நீ போய்ப் பேசலாமே என்றால், நான் மூத்தவள். அவள்தான் வரவேண்டும். அப்படித்தான் நான் வைத்திருந்தேன்.

அவள் புறப்பட மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் டீச்சர் பெரிய துணிப்பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் ரிட்டயர் ஆனவர், சங்கத்தின் செயலாளர்.

“மாமி, ஒரு உபகாரம் செய்யணும். மறுக்கப்பிடாது.”

“உபகாரம் இவ்வளவு பெரிய பையிலயா வரும்?”

“பத்தொம்பது துண்டு இருக்கு. சேத்துத் தச்சு ஒரு பொதப்பாக்கித் தரணும். நடுவில ரெண்டு ஞாயிறாக்கும் உள்ளது.”

“ஆருக்குண்ணு எனக்குத் தெரியும். அவியளுக்கு நெய்யாற்றின்கரையில பழகின கடை உண்டே.”

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. “இது உங்க ரெண்டு பேருக்க காரியம் இல்ல மாமி. சங்கத்துக்க காரியமாக்கும். இதக் கண்டா எந்தக் கடைக்காரனும் பையோட எறிஞ்சு தருவான்.”

சொல்லிக்கொண்டே பையைக் கட்டிலில் கவிழ்த்தார். கடைக்காரன் ஏன் எறிவான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒன்று இட்லித் தட்டு அளவு, ஒன்று முறத்தில் பாதி. டேப்பை எடுத்து அளந்தேன். ஆறரை இஞ்ச், ஏழு, ஏழே முக்கால், எட்டேகால், ஒன்பது, ஒன்று பத்து. சதுரம் என்று சொன்னதில் பாதி, நாலு பக்கமும் நாலு அளவு.

“டீச்சரே, என்ன அளவு செல்லினீங்க?”

“ஒரு சாண்ணு செல்லினேன்.”

“ஆருக்க சாண்?”

“அவங்கவங்க சாணு... அதில அவ்வளவு வித்தியாசம் வருமா மாமி?”

“ரப்பரு வெட்டப் போறவளுக்க கையும் உங்களுக்க கையும் ஒண்ணா? அது போவட்டு. உங்களுக்க துண்டு மட்டும் நாலு பக்கமும் கிருத்தியம் எட்டு இஞ்ச் இருக்கே, அது எப்பிடி?”

“அது... நான் பேரப்பிள்ளைக்க ஸ்கேலு வச்சு வரைஞ்சேன்.”

“ஊருக்கு சாணு, டீச்சருக்கு ஸ்கேலு. கொள்ளாம்.”

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் எல்லாம் சாண்தான். மரச்சீனி நடும்போது கம்பைச் சாண் சாணாகத்தான் வெட்டுவோம். ஒரு விரல் கூடினாலும் குறைந்தாலும் மண்ணுக்குத் தெரியாது, கிழங்கு பிடிக்கும். துணிக்குத் தெரியும். இதைப் பத்தொன்பது பெண்களில் ஒருத்தியும் யோசிக்கவில்லை. எல்லாரும் மரச்சீனி நட்டவர்கள்.

நாலுக்கு ஐந்து என்று வைத்தால் இருபது வேண்டும். இருப்பது பத்தொன்பது.

“ஒரெடம் காலியா வருமே மாமி” என்றார் டீச்சர், கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு. “நீங்க ஒண்ணு...”

“வெறும் துணி வச்சு அடைக்கேன்.”

“இல்ல, நான் என்ன செல்லுதேன்னா...”

“வெறும் துணிண்ணு செல்லியாச்சு.”

அவர் காலிப் பையை மடித்துக்கொண்டு புறப்பட்டார். டீச்சராக இருந்தவருக்கு எந்தப் பிள்ளையை எப்போது விடவேண்டும் என்று தெரியும்.

மறுநாள் காலை வெயில் உள்ளே விழுகிற நேரத்தில் எல்லாவற்றையும் தரையில் பரப்பினேன். எளிய வழி ஒன்று உண்டு. இருப்பதிலேயே சின்னது எதுவோ அந்த அளவுக்கு எல்லாவற்றையும் வெட்டிவிடுவது. ஆறரை இஞ்ச். ஒரு மணிக்கூரில் வேலை முடியும். கத்திரியை எடுத்து முதலில் ஒன்பது இஞ்ச் துண்டை இழுத்தேன். அது ரப்பர் வெட்டப் போகிறவள் தைத்தது. பச்சைச் சுடிதார் துணியில் ஒரு கோழியும் நாலு குஞ்சும் நூல்வேலை செய்திருந்தாள். அவளுக்கு நூல்வேலை தெரியாது, கோழியா கொக்கா என்று கேட்கவேண்டும். ஆனாலும் நாலாவது குஞ்சு ஓரத்தோடு ஓரமாக நின்றது. வெட்டினால் குஞ்சு போய்விடும். கத்திரியைப் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தேன். அது எதிர்வீட்டு நாயர் வீட்டம்மா தன் முண்டிலிருந்து எடுத்தது. அவள் எங்கள் சபை இல்லை, இருந்தாலும் ஓரகத்தியோடு பத்து வருடமாகக் குடும்பஸ்ரீ மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போகிறவள். அதில் கசவு, அந்தப் பொன்சரிகை, ஓரத்தில் இருந்தது. வெட்டினால் கசவு போய், வெறும் வேட்டித்துணிதான் மிஞ்சும்.

ஆறரை இஞ்ச் துண்டை எடுத்துப் பார்த்தேன். சங்கத்திலேயே மூத்தவள் தைத்தது, எண்பதைத் தாண்டியவள். வாதத்தில் விரல் மடங்கிப்போய் முழுக்க விரியாது. அந்தக் கையை எவ்வளவு விரிக்க முடியுமோ அவ்வளவு விரித்து வைத்து வரைந்திருக்கிறாள். பென்சில் கோடு இன்னும் தெரிந்தது, விரல்நுனி அருகே கோடு நடுங்கியிருந்தது.

அதற்குப் பிறகு கத்திரியை நான் எடுக்கவில்லை. எல்லாரும் தன் தன் கையைத் துணியில் விரித்து வைத்திருக்கிறார்கள். வெட்ட எனக்கு மனம் வரவில்லை.

வெட்டாமல் சேர்க்க வேண்டுமென்றால் துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே பட்டி கொடுக்க வேண்டும். டீச்சர் நீலத் துணி ஒரு மீட்டர் தந்திருந்தார். எல்லா இடத்திலும் இரண்டு இஞ்ச் பட்டி என்று ஒரே அளவில் கிழித்து, முதல் வரிசையையும் இரண்டாம் வரிசையையும் தைத்துச் சேர்த்தேன். தூக்கிப் பார்த்தால் எண்ணெயில் போட்ட பப்படம் மாதிரி நடுவில் உப்பி, ஓரம் சுருங்கி நிற்கிறது. பெரிய துண்டு சின்னதை இழுக்கிறது, சின்னது பட்டியை இழுக்கிறது. ஐம்பத்தேழு வருடம் தைத்தவள் செய்த வேலையா இது என்று எனக்கே நாணமாக இருந்தது. நல்ல வேளை யாரும் பார்க்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பிரித்தேன்.

பிரிக்கும்போதுதான் வழி தெரிந்தது. எல்லாருக்கும் அறை ஒரே அளவு. உள்ளே படுக்கிற ஆள்தான் பெரியவள் சின்னவள். அறை பன்னிரண்டு இஞ்ச் என்று வைத்தேன். பத்து இஞ்ச்காரிக்குச் சுற்றிலும் ஒரு இஞ்ச் பட்டி. ஆறரை இஞ்ச்காரிக்குச் சுற்றிலும் இரண்டே முக்கால். சாய்ந்து நிற்கிற துண்டுக்கு ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் ஒடுக்கம். முதலில் இடமும் வலமும் பட்டியைத் தைத்துத் தேய்க்க வேண்டும். பிறகு மேலும் கீழும். பட்டியின் நீளத்தைத் துண்டின் ஓரத்தில் அளந்தால் ஏமாந்துபோவோம், ஓரம் இழுபட்டு நீண்டிருக்கும். நடுவில் அளக்க வேண்டும். நைலக்ஸ் சேலைத் துண்டு மெஷினில் வழுக்கியது, அதற்கு அடியில் பேப்பரை வைத்து ஓட்டிவிட்டுப் பிறகு கிழித்தெடுத்தேன். இப்படி ஒவ்வொன்றையும் பன்னிரண்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் பிறகு சேர்ப்பது ஓடு அடுக்குகிற மாதிரி.

ஆனால் நீலத் துணி ஏழு துண்டுக்குமேல் வராது என்று ஆயிற்று. அகலப் பட்டி துணியைத் தின்கிறது. கடைக்குப் போகலாம் என்று குடையை எடுத்தேன். குடை அலமாரிக்குள் இருந்தது. அதே தட்டில் அந்த வெள்ளைப் பாப்ளின். நாலு வருடமாக மடிப்புக் கலையாமல் இருந்தது.

அதைக் கட்டிலில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் மகளுக்கென்று எடுத்தது. வேறு யாருக்கும் வெட்ட மனம் வராமல் கிடந்தது. கடையில் எடுக்கிற புதுத் துணி கஞ்சிப் பசையோடு விறைப்பாக இருக்கும், இது பழகிய துணி என்று ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். குடையை உள்ளே வைத்தேன். நீலத்தை முழுக்க ஒதுக்கிவிட்டு எல்லாப் பட்டியையும் வெள்ளையிலேயே கிழித்தேன்.

நடுவில் ஒரு நாள் டீச்சர் பார்க்க வந்தார்.

“வெள்ளை அழுக்காவுமே மாமி.”

“அழுக்கானா துவைக்கட்டு. அங்க வெள்ளம் கெடையாதா?”

பதினொரு நாளில் முடிந்தது. கடைசி வரிசையில் கடைசி அறை வெறும் வெள்ளையாக நின்றது. அடியில் ஒரு நல்ல பெட்ஷீட்டை வைத்து, பட்டி ஓரமாகவே தையல் ஓட்டினேன். தூக்கி உதறினேன். எங்கேயும் உப்பல் இல்லை. ஆள் நின்று பார்க்கிற வேலைதான் என்று நானே சொல்லிக்கொண்டேன், வேறு ஆள் இல்லாததால்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து டீச்சர் அதை அவள் கையில் கொடுத்தார். நான் கதவுப் பக்கத்துக் கடைசி பெஞ்சில் இருந்தேன். அவள் பெஞ்சின்மேல் விரித்தாள். பெண்கள் எல்லாரும் சுற்றிலும் நின்று கூச்சல்.

“இது எனக்க! இந்தக் கோழி எனக்க!”

“கோழியா? நான் மயிலுண்ணு நினைச்சேன்.”

“எட்டி, உனக்குக் கண்ணு கெட்டுப்போச்சு!”

அவள் ஒவ்வொரு துண்டின்மேலும் கையை விரித்து வைத்து வைத்துப் பார்த்தாள். சிலதில் அவள் கை நிறைந்தது, சிலதில் இடம் மிஞ்சியது. கை வரிசையாக இறங்கி வந்து கடைசி வெள்ளையில் நின்றது. அங்கேயே நின்றது. பிறகு தலையைத் தூக்கி அத்தனை பேருக்கும் மேலாக என்னைப் பார்த்தாள். நான் குடையை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினேன். வழி முழுக்க, இப்போதாவது பின்னால் கூப்பிடுவாளா என்று காதை அங்கேயே வைத்துக்கொண்டு நடந்தேன். கூப்பிடவில்லை. புதன்கிழமை அவளுக்கு பிளேன்.

திங்கள் காலை பதினொரு மணி இருக்கும். நான் ஒரு பள்ளிக்கூடப் பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். கிணற்றுப் பக்கத்து வழியில் சருகு மிதிபடுகிற சத்தம் கேட்டது. அந்த வழியில் நாலு வருடமாக யாரும் நடப்பதில்லை. நான் தலையைத் தூக்கவில்லை. மெஷினை வேகமாக மிதித்தேன்.

“அக்கா.”

இன்னும் வேகமாக மிதித்தேன்.

“அக்கா, நூலு தீந்துபோச்சு. வெறும் ஊசியாக்கும் ஓடுது.”

பார்த்தேன். உண்மைதான். ஒரு முழம் நீளத்துக்குத் துணியில் வெறும் பொட்டுப் பொட்டாக ஓட்டை. காலை எடுத்தேன்.

“வந்ததும் குற்றம் செல்லியாச்சு” என்றேன். நாலு வருடத்துக்குப் பிறகு அவளிடம் நான் சொன்ன முதல் வார்த்தை அது. “இரி.”

அவள் உட்காரவில்லை. கையிலிருந்த பையைத் திறந்து போர்வையைக் கட்டிலில் விரித்தாள். கடைசி அறையில் விரலை வைத்தாள்.

“இங்க ஏன் ஒண்ணும் இல்ல?”

“ஆளு குறைஞ்சுபோச்சு.”

“ஆளு குறையல்ல. ஆளு மெஷினுக்குப் பொறத்த இருக்கு.”

“எனக்கிட்ட ஆராவது கேட்டினுமா? நீ கேட்டியா?”

“நான் எப்பிடிக் கேப்பேன்? மோட்டாரு போட வந்தாக்கூட எனக்க பக்கம் திரும்பாம போறீங்க.”

“கல்யாண ரவிக்கைக்கே கேக்காதவ பொதப்புக்கு வந்து கேப்பியாக்கும்!”

வந்துவிட்டது. நாலு வருடம் தொண்டைக்குள் நின்றது அப்படி வெளியே வந்து விழுந்தது. அவள் அப்போதுதான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். முந்தானை நுனியைப் பிடித்து மடித்து மடித்து விரித்தாள்.

“நான் வந்தேன் அக்கா.”

“எங்க வந்தே?”

“ரவிக்கைத் துணிய எடுத்திட்டு வந்தேன். இந்தச் சன்னலுக்க பக்கம் வரைக்கும் வந்தேன். நீங்க ஊசியில நூலு கோக்கப் பாத்திட்டு இருந்தீங்க. ஒரு தடவ ரெண்டு தடவ இல்ல. நூல நனைச்சு நனைச்சு, வெளிச்சத்துக்குத் திரும்பித் திரும்பி... பிறவு ஊசியத் தாழ வச்சிட்டு மெஷின்ல தலைய வச்சிட்டீங்க. நான் சத்தம் காட்டாம திரும்பிப் போயிட்டேன்.”

எனக்கு அந்த நாள் தெரியும். மறக்கவில்லை, மறந்தது மாதிரி வைத்திருந்தேன். அப்போது இரண்டு கண்ணிலும் புரை விழுந்து எல்லாம் கஞ்சித் தண்ணீருக்குள் பார்க்கிற மாதிரி இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. கண் தெரியாத தையல்காரிக்கு யார் துணி தருவார்கள்? கை பழக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு அடுத்த வருடம்தான் காரக்கோணம் ஆஸ்பத்திரியில் போய் ஆபரேஷன் செய்தது. அதைக்கூடத் தலைவலிக்கு என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

“உள்ள வந்து கோத்துத் தந்திருக்கலாமே” என்றேன்.

“தந்திருந்தா வாங்கியிருப்பீங்களா?”

வாங்கியிருக்க மாட்டேன். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

“கண்ணு தெரியல்ல, அதினால கடையில குடுத்தேண்ணு நான் செல்லியிருந்தா நீங்க அண்ணைக்கே இந்த மெஷினத் தூக்கிக் குடுத்திருப்பீங்க. அதுக்கு நீங்க எனக்கிட்ட மொறைச்சிட்டு இருக்கது மேலுண்ணு வச்சேன். மொறைச்சாலும் தையல் நிக்கல்லியே.”

நான் மெஷின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அவள்தான் மறுபடி பேசினாள். இந்த முறை குரலில் பழைய குசும்பு இருந்தது.

“ஆனா ஒண்ணு கேக்கணும். பந்தல்ல வச்சு வலது கை தூக்கி நிக்குதுண்ணு செல்லினீங்களே. கோயில்ல நீங்க இருந்தது கடைசி பெஞ்சு. அண்ணைக்கு அங்க இருந்து பொண்ணு ஏது மாப்பிள ஏதுண்ணே உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. கை தூக்கி நிண்ணதை எப்பிடிக் கண்டீங்க?”

“காணல்ல.”

“பின்ன?”

“கடைத் தையலு எப்பவும் தூக்கித்தான் நிக்கும். ஒரு ஊகத்துல செல்லினேன்.”

அவள் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அம்மோ, அதுக்கு அந்தப் பிள்ள கல்யாணப் போட்டோவ எல்லாம் எடுத்து வச்சு வலது கையையே நோக்கிட்டு இருந்துதே! ரெண்டு நாளு!”

நான் காப்பி போடுகிறேன் என்று எழுந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்றுதான் எழுந்தேன். அடுக்களையில் கொஞ்ச நேரம் கூடுதலாகவே நின்றேன். அவள் கட்டிலிலிருந்தே கேட்டாள்.

“இந்த வெள்ளை எங்க எடுத்தது அக்கா? நல்ல துணி.”

கடையில் என்று சொல்லியிருக்கலாம். “உனக்க மவளுக்கு எடுத்ததாக்கும்” என்றேன். “கல்யாணச் சேலைக்கு உள்ள உடுக்க.”

டம்ளரோடு வந்து பார்த்தால் பட்டிமேல் கையை வைத்து நீவிக்கொண்டிருந்தாள்.

“பின்ன என்ன” என்றாள், என்னைப் பார்க்காமல். “அவளுக்க கிட்டத்தானே போவுது.”

காப்பியைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “உங்களுக்க துண்டு வைக்காம இத நான் எடுத்திட்டுப் போவமாட்டேன்.”

“நாளைக்கழிஞ்சு பிளேனு. இப்பம் துணிக்கு நான் எங்க போவேன்?”

“அந்த ஊதாச் சேலை இருக்கா? கிணத்துக்க பக்கத்துல காயப் போடுவீங்களே, கருப்புக் கரை. அதில ஒரு மூலை கிட்டினா மதி.”

என் ஊதாச் சேலை அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. பேச்சு நின்ற பிறகு வாங்கிய சேலை அது. அவளுக்கும் அடுக்களைச் சன்னல் உண்டு.

சேலையை எடுத்து வந்தேன். டேப்பை எடுக்கக் கையை நீட்டினால் அவள் அதை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

“எல்லாரும் சாணு வச்சாக்கும் செய்தது. நீங்களும் சாணு.”

“தா பிள்ளே, விளையாடாத. டேப்பு இல்லாம நான் வெட்டினது கெடையாது.”

“எனக்குத் தெரியும்.”

தரவில்லை. சேலையைத் தரையில் விரித்துக் கையை அதன்மேல் வைத்தேன். ஊதா நிறத்துமேல் என் கை எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. ஊசி குத்திக் குத்திக் காய்ந்த விரல், நீளமாகத்தான் இருந்தது. நாலு பக்கமும் நாலு தடவை விரித்து வைத்துச் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டேன். வெட்டினேன். எடுத்துப் பார்த்தால் ஒரு பக்கம் அரை இஞ்ச் சாய்வு.

“கோணிப்போச்சு. வேற வெட்டுதேன்.”

“இது மதி.”

“இத நான் தச்சேண்ணு வெளிநாட்டுல போய்ச் செல்லாத.”

“செல்லுவேன். எல்லாரிட்டயும் செல்லுவேன்.”

வெள்ளையைப் பிரிக்க நேரம் இல்லை. அதன்மேலேயே ஊதாவை வைத்து ஓரத்தை மடித்துக் கைத்தையல் போட்டேன். அவள் எதிரில் உட்கார்ந்து போர்வையின் மறுமுனையை மடியில் தாங்கிக்கொண்டாள். மகளைப் பற்றிச் சொன்னாள், குழந்தைக்கு முடி இல்லை என்று சொன்னாள், பிளேனில் தனியாகப் போக நெஞ்சு அடிக்கிறது என்று சொன்னாள். நான் ஆபரேஷன் அன்று கண்ணுக்குள் பச்சை வெளிச்சம் தெரிந்ததைச் சொன்னேன். இதுவரை யாரிடமும் சொல்லாதது. அவள் வீட்டு டேங்க் நிறைந்து தண்ணீர் சிமெண்டில் விழுகிற சத்தம் கேட்டது. மோட்டாரை ஓட விட்டுவிட்டு வந்திருக்கிறாள். “வெள்ளம் போவுது” என்றேன். “போவட்டு” என்றாள். எழுந்து போகவில்லை.

போய்ப் பத்து நாள் கழித்து வீடியோவில் கூப்பிட்டாள். கம்பளிச் சட்டையெல்லாம் போட்டு வேறு ஆள் மாதிரி இருந்தாள்.

“வீட்டுக்குள்ள நல்ல சூடாக்கும் அக்கா. பொதப்பே வேண்டாம்.”

“பின்ன நான் பதினொரு நாளு இருந்து தச்சது என்னத்துக்கு?”

“தரையில விரிச்சுப் பிள்ளையக் கிடத்தியிருக்கேன். ஒரு அறையில விட்டா அடுத்த அறைக்கு உருண்டு போவுது.” போனைத் திருப்பிக் காட்டினாள். குழந்தை கோழிமேல் குப்புறக் கிடந்தது. “மருமவன் கேக்கான், இந்த ஊதா மட்டும் ஏன் கோணலா இருக்குண்ணு.”

“நீ என்ன செல்லினே?”

“அது எங்க குடும்பத்துல பெரிய தையல்காரி வெட்டினதாக்கும்ணு செல்லினேன்.”

எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. “திரும்பி வரும்போ அத எடுத்திட்டு வா. பிரிச்சு நேராக்கித் தாறேன்.”

“அத எடுத்திட்டு வரமாட்டேன்” என்றாள். “ஆனா நான் வாறேன்.”